வளைவில் பிரேக் மிதித்தால் ஆட்டோ ஏன் தூக்குகிறது?

ஜூன் 2, வாசகர் கேள்வி

அண்ணா, இத்தனை வருடம் பைக் ஓட்டியவன். இப்போது பிழைப்புக்காக ஒரு பழைய ஆட்டோ வாங்கியிருக்கிறேன். நேற்று வலது பக்க வளைவில் நாய் குறுக்கே வந்தது, பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வலது பின்சக்கரம் ரோட்டை விட்டுத் தூக்கிவிட்டது. வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஸ்டாண்டில் கேட்டால், "முன் பிரேக்கைக் கழற்றி விடு, எல்லாம் சரியாகிவிடும், மூணு சக்கர வண்டிக்குப் பின் பிரேக் போதும்" என்கிறார்கள். செய்யலாமா?

ஜூன் 2, இரவு

செய்யாதே தம்பி. முன் பிரேக்கில் கை வைக்காதே. காரணத்தை நாளை விவரமாக எழுதுகிறேன், இன்றைக்கு இதை மட்டும் படித்துவிட்டுத் தூங்கு.

உன் வண்டிக்கு இருப்பது இரண்டு தனித்தனி வியாதி. சக்கரம் தூக்கியது ஒன்று, இடது பக்கம் இழுத்தது இன்னொன்று. தூக்குவது மூன்று சக்கர வண்டியின் பிறவிக் குணம், அதை ஓட்டுகிற முறையால்தான் அடக்க வேண்டும். இழுப்பது கோளாறு, அதைப் பட்டறையில் தீர்க்க வேண்டும். ஸ்டாண்டில் சொன்ன வைத்தியம் இரண்டில் எதையும் தீர்க்காது.

ஜூன் 3, காலை

ஒரு தாளில் முக்கோணம் வரைந்துகொள். உச்சியில் முன்சக்கரம், அடியில் இரண்டு பின்சக்கரங்கள். வண்டியின் மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொள். அந்தப் புள்ளியின் தாக்கம் முக்கோணத்துக்குள் விழும்வரை வண்டி நிற்கும். பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால் குடைசாயும். காருக்கு இது நீள்சதுரம், முன்னால் போனாலும் அகலம் குறையாது. நமக்கோ முன்னால் போகப் போக அகலம் சுருங்குகிறது. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

பிரேக் மிதித்தால் எடை முன்னால் தள்ளுகிறது. வளைவில் எடை வெளிப்பக்கம் தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்தால் முன்னாலும் வெளியிலுமாகச் சாய்வாகத் தள்ளும், அதாவது முக்கோணம் ஒடுங்கியிருக்கிற திசையில். நேர் ரோட்டில் எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் வண்டி பக்கவாட்டில் கவிழாது. வளைவில் மிதிக்காமல் போனால் ஓரளவு வேகம் வரை தாங்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் அந்த ஓரளவும் கைவிட்டுப் போகும்.

எண்ணில் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர் ஆட்டோவின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் சுமார் 2 மீட்டர், பின்சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.15 மீட்டர். எடைப்புள்ளி பின் அச்சிலிருந்து 70 செ.மீ. முன்னால், தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (வண்டிக்கு வண்டி மாறும், கணக்குக்காகத்தான்.) பிரேக் தொடாமல் திரும்பினால், புவியீர்ப்பில் 0.62 பங்கு அளவு பக்கவாட்டு வேகமாற்றம் வரை தாங்கும். நடுத்தரமாக, 0.3 பங்கு அளவுக்குப் பிரேக் போட்டுக்கொண்டே திரும்பினால் 0.54. ஓங்கி, 0.5 பங்கு அளவுக்கு மிதித்தால் 0.48.

10 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் இதையே வேகமாகச் சொன்னால், பிரேக் இல்லாமல் மணிக்கு 28 கி.மீ. வரை நிற்கிற வண்டி, ஓங்கி மிதித்தால் 25 கி.மீ.யிலேயே தூக்கும். மூன்று கி.மீ.தானே என்று நினைக்காதே. வண்டி ஸ்பிரிங்கில் சாய்வதையும், டயர் நசுங்குவதையும், ரோட்டுப் பள்ளத்தையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவை எல்லாம் மிச்சம் இருப்பதையும் தின்றுவிடும்.

ஜூன் 3, மாலை

இப்போது முன் பிரேக் விஷயம். இன்று ஓடுகிற பெரும்பாலான ஆட்டோக்களில் ஒரே கால் பெடல் மூன்று சக்கரத்தையும் பிடிக்கிறது. மூன்றிலும் டிரம், அதாவது சக்கரத்தோடு சுற்றுகிற உருளை. அதற்குள் இருக்கிற ஷூ என்ற வளைந்த கட்டைகள் ஆயில் அழுத்தத்தில் விரிந்து அதை உரசிப் பிடிக்கும். ஹேண்ட் பிரேக் தனி, அது பின்சக்கரங்களுக்கு மட்டும்.

மேலே சொன்ன அளவுகளில் நிற்கும்போது முன்சக்கரத்தில் 35 சதவீத எடை. 0.5 பங்குக்குப் பிரேக் பிடித்தால் அது 50 சதவீதமாகிவிடும். ஒற்றைச் சக்கரம் வண்டியில் பாதியைச் சுமக்கிறது. அதன் பிரேக்கைக் கழற்றி விட்டால், பாதி எடை பிரேக்கே இல்லாத சக்கரத்தில் உட்கார்ந்திருக்கும். காய்ந்த தார் ரோட்டில், 40 கி.மீ. வேகத்தில், மூன்று சக்கரமும் டயரின் முழுப் பிடிப்பில் நின்றால் தாள் கணக்கில் 9 மீட்டர். பின்சக்கரங்கள் மட்டும் என்றால் 17 மீட்டர். நீ பிரேக்கை யோசித்து மிதிக்கிற அந்த ஒரு வினாடியில் வண்டி ஓடுகிற 11 மீட்டரை இரண்டிலும் சேர்த்துக்கொள்.

அதோடு, பின் பிரேக்கை மட்டும் நம்பினால் பின்சக்கரங்கள் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி கிடையாது, பின்பாகம் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். ஆட்டோ குறுக்கே திரும்பி நின்றது என்று விபத்துக்குப் பிறகு சொல்வார்களே, அதில் பல இப்படி நடப்பவைதான்.

ஸ்டாண்டில் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முன் பிரேக் மட்டும் வலுவாகப் பிடித்து, பின் ஷூ தேய்ந்து கிடக்கிற வண்டியில் ஹேண்டில் கனத்துவிடும், மழையில் முன்சக்கரம் வழுக்கும். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு மருந்து பின் பிரேக்கைச் சரிசெய்வது.

ஜூன் 4

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: "ஆள் ஏறினால் என் வண்டி நன்றாக நிற்கிறது, காலியாகப் போகும்போதுதான் ஆடுகிறது."

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் எடைப்புள்ளி பின்னால் நகர்கிறது, முக்கோணத்தின் அகலமான இடத்துக்கு வருகிறது. நல்லது. அதே சமயம் புள்ளி மேலேயும் ஏறுகிறது. முன்பு போட்ட கணக்கில் புள்ளியைப் பின்னால் நகர்த்தி, பின் அச்சிலிருந்து 55 செ.மீ. தூரத்தில் வைத்து, உயரத்தை 70 செ.மீ. ஆக்கினால், தாங்கும் அளவு 0.60. காலி வண்டிக்கு 0.62. கிட்டத்தட்ட ஒன்றுதான். எடை கூடியதால் ஆட்டம் மந்தமாகத் தெரிகிறது, ஓட்டுபவருக்குத் தைரியம் வருகிறது. கூடுதல் பாதுகாப்பு வரவில்லை, நிற்கும் தூரமும் குறையவில்லை.

மோசமானது எது தெரியுமா? டிரைவர் சீட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒருவர் தொற்றிக்கொள்வது. பள்ளிக்கூட நேரத்திலும் ஷேர் ஆட்டோவிலும் தினமும் பார்க்கிறோம். எடை முன்னாலும் போகிறது, ஓரத்திலும் போகிறது. முக்கோணத்தின் ஒடுங்கிய பகுதியில் கொண்டுபோய் ஆளை உட்கார வைக்கிறோம், அதுவும் பல நேரம் குழந்தையை. சட்டத்தில் என்ன அபராதம் என்பது இருக்கட்டும். அந்த இடத்தில் ஆளை வைத்துக்கொண்டு வளைவில் பிரேக் அடித்தால் நான் எழுதிய எண்கள் எதுவும் உனக்குப் பொருந்தாது.

ஜூன் 5

இழுப்பு. தம்பி, நேர் ரோட்டில் மெதுவாக மிதித்தாலும் இடது பக்கம் போகிறதா என்று முதலில் பார். போனால் இடது பின்சக்கரம் அதிகமாகப் பிடிக்கிறது, அல்லது வலது பின்சக்கரம் பிடிக்கவே இல்லை. என் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் இரண்டாவதுதான் அதிகம்.

வலது டிரம்மைக் கழற்றிப் பார். லைனிங் (ஷூவின் மேல் இருக்கிற உரசுப் பட்டை) கறுத்து, எண்ணெய்ப் பசையாக மின்னினால், எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற ஆயில் சீல் போயிருக்கிறது, கியர் ஆயில் ஷூவுக்கு வருகிறது. பசை, ஷூவைத் தள்ளி விரிக்கிற வீல் சிலிண்டர் பக்கம் இருந்தால் பிரேக் ஆயில் கசிகிறது. எதுவானாலும் எண்ணெய் குடித்த லைனிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் திரும்ப மாட்டாதே, உப்புத்தாள் போட்டும் பயனில்லை. சூடானதும் உள்ளே ஊறிய எண்ணெய் மேலே வரும். ஷூவை மாற்று. மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்று. ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் இழுப்பு திசை மாறுமே தவிர தீராது.

எண்ணெய் இல்லையென்றால், ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்று. உதவிக்கு ஒருவர் பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கனக்க வேண்டும். ஒன்று முந்தினால் அட்ஜஸ்ட்மென்ட் வேறுபாடு, அல்லது ஒரு சிலிண்டரில் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்த்துவிடு. ஒரு பக்கக் கேபிள் உறைக்குள் துருப்பிடித்தால் ஷூ முழுதாகத் திரும்பாது, அந்தச் சக்கரம் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டிரம் பக்கத்தில் கையைக் காட்டினாலே சூடு தெரியும். தொடாதே, சுட்டுவிடும்.

டயர் காற்று இரண்டிலும் சமமா? இதைக் கடைசியில் எழுதுகிறேன், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். காசில்லாத வேலை.

ஜூன் 5, பிறகு

ஒன்று விட்டுப்போனது. உன் வளைவில் இரண்டு வியாதியும் ஒன்றை ஒன்று வளர்த்திருக்கின்றன. வலது பின்சக்கரம் தூக்கியதும் அதன் பிரேக் வீண். பின்னால் பிடிப்பது இடது சக்கரம் மட்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம்தான் திரும்பும். நீ வலது பக்கம் திருப்ப, அது இடது பக்கம் போயிருக்கிறது. ஆகவே நேர் ரோட்டில் இழுக்கவே இல்லையென்றால் பிரேக்கில் குறை இல்லாமலும் இருக்கலாம். கழற்றுவதற்கு முன் நேர் ரோட்டில் சோதித்துப் பார்க்கச் சொன்னது அதற்குத்தான்.

வலது வளைவு என்பதும் முக்கியம். நம் ரோடுகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். இடது ஓரமாகப் போகிறவன் வலது பக்கம் திரும்பும்போது அந்தச் சரிவு வெளிப்பக்கம் இறங்குகிறது, வண்டியைக் கவிழ்க்க உதவுகிறது. இடது வளைவில் அதே சரிவு நம்மைத் தாங்குகிறது. வலது வளைவுக்கு எப்போதும் இன்னும் கொஞ்சம் மெதுவாக வா.

ஜூன் 8

பைக்கிலிருந்து ஆட்டோவுக்கு வருகிறவர்களிடம் நான் பார்க்கிற பழக்கங்கள் சில.

அவசரத்தில் வலது கை தானாக இறுகும். பைக்கில் அங்கே முன் பிரேக் லீவர் இருந்தது. ஆட்டோவில் ஆக்ஸிலரேட்டர் மட்டும்தான் இருக்கிறது. இறுக்குகிற கை சற்றே முறுக்கினாலும் வண்டி முன்னால் போகும். பழைய பழக்கம் போக ஒரே வழி, ஆள் இல்லாத மைதானத்தில் வேண்டுமென்றே அவசரப் பிரேக் அடித்துப் பழகுவது. வலது கையை விடு, வலது காலை அழுத்து. இதைச் சவாரிக்குப் போகும் முன் பழகியிருக்க வேண்டும்.

அடுத்தது சாய்வு. பைக் வளைவில் உள்ளே சாயும், உடம்புக்கு அது தெரியும். ஆட்டோ வெளியே சாயும். பைக்காரருக்கு வேகம் அதிகம் என்று சொல்கிற உணர்வே இங்கே இருக்காது. வண்டி எச்சரிப்பது பின்சக்கரம் இலேசாகும்போதுதான், அதற்குள் நேரம் போயிருக்கும்.

முறை சுலபம். வளைவுக்கு முன், ஹேண்டில் நேராக இருக்கும்போதே பிரேக் வேலையை முடி. கியரைக் குறை. பெடலை விட்டுவிட்டுத் திருப்பு. திரும்பும்போது ஆக்ஸிலரேட்டரை இலேசாகக் கொடுத்துக்கொண்டே போனால் எடை பின்னால் உட்காரும், முக்கோணத்தின் அகலமான பக்கம் நம் பக்கம். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மூடாதே. இன்ஜின் பிடிப்பும் ஒரு பிரேக்தான், அதுவும் எடையை முன்னால் தள்ளும்.

வளைவின் நடுவில் நாய் வந்தால்? முதலில் ஹேண்டிலை நேராக்கு, பிறகு மிதி. இடம் இருந்தால் அப்படித்தான். இடம் இல்லை, எதிரே பஸ் வருகிறது என்றால் மிதமாக மிதி, திருப்பத்தைக் கூட்டாதே. நாயைத் தவிர்க்கக் கூடுதலாக ஒடித்து, அதே நேரம் ஓங்கி மிதிப்பதுதான் ஆட்டோவைப் படுக்கப்போடும். நாயின் உயிர் பெரிதுதான். அதற்காகத்தான் முன்பே வேகத்தைக் குறைத்து வா என்கிறேன்.

ஜூன் 9

மழை. முதல் தூறலில் ரோட்டுத் தூசியும் எண்ணெயும் குழைந்து நிற்கும், பத்து நிமிடக் கனமழைக்குப் பிறகுள்ள ரோட்டைவிட அது மோசம். தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்கும், அடுத்த முறை மிதிக்கும்போது பிடி இருக்காது. அல்லது ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும், அது இன்னும் ஆபத்து. ஏறியதும், பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடியே பெடலை இலேசாக அமுக்கிப் பிடி. சூட்டில் தண்ணீர் காயும். பிடி திரும்பியதும் விடு.

ஜூன் 14

மலை இறக்கத்தைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார். சேலத்துக்காரர், ஏற்காட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். 20 கொண்டை ஊசி வளைவுகள், அடிவாரம் வர ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் இறங்க வேண்டும். கேட்டது நல்லதாயிற்று, இதைப் பலர் குறைவாக எடைபோடுகிறார்கள்.

வண்டியும் சரக்குமாக 600 கிலோ என்றால், 40 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது பிரேக் விழுங்குகிற வெப்பம் சுமார் 37 கிலோ ஜூல். அதே 600 கிலோ 1,000 மீட்டர் இறங்கினால் வெளியாவது 5,900 கிலோ ஜூல். காற்றும் டயரும் இன்ஜினும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் பிரேக் தலையில் போட்டால், அதே 40 கி.மீ. வேகத்திலிருந்து 150 தடவைக்கு மேல் அடுத்தடுத்து நிறுத்தியதற்குச் சமம். அந்தச் சின்ன டிரம்கள் எப்படித் தாங்கும்?

தாங்காது. டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் ஆழமாகப் போகும். லைனிங் சூடேறி வழுக்கும். கடைசியில் பிரேக் ஆயில் கொதிக்கும். புதிய டாட் 3 ஆயில் (பிரேக் ஆயிலில் ஒரு தரம்) குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய ஆயிலுக்கான குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் மெத்தென்று தரைவரை போகும், பிரேக் இருக்காது.

ஆகவே ஏறிய கியரிலோ அதற்கும் கீழேயோ இறங்கு. நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற பழக்கத்தை மலையில் அடியோடு விடு, என் கண்ணால் பார்த்த மலை விபத்துகளில் அதுதான் முன்னால் நிற்கிறது. பெடலைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வராதே. வேகம் கூடினால் நேர்த் துண்டில் உறுதியாக ஒரு பிடி, பிறகு விடு, டிரம் ஆறட்டும். கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டிச் சக்கரத்துக்குக் கல் வை. டிரம் சூடாக இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தாதே, ஆறும்போது டிரம் சுருங்கி ஷூ இறுகவும் கூடும். சூட்டில் தண்ணீர் ஊற்றாதே, டிரம் விரிசல் விடும்.

பிரேக் ஆயிலை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வேன். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்கு. ஒரு கடையில் பிரேக் ஆயில் என்று இன்ஜின் ஆயிலை ஊற்றி அனுப்பிய வண்டி என்னிடம் வந்தது. சிலிண்டர் ரப்பரெல்லாம் ஊதி, பிரேக் மிதித்தால் விடவே இல்லை. எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஜூன் 17

கொஞ்சம் வெளியே போகிறேன், ஆனால் தொடர்பு உண்டு. "முக்கோணத்தைத் திருப்பிப் போட்டால் என்ன?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று.

போட்டிருக்கிறார்கள். கனடா நிறுவனத்தின் கேன்-ஆம் ஸ்பைடர் 2007இல் வந்தது. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, கால் பெடல் ஒன்றே மூன்றையும் பிடிக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏ.பி.எஸ். உண்டு. பிரேக் மிதித்தால் எடை முக்கோணத்தின் அகலமான பக்கம் போகிறது. பிரேக்கைப் பொறுத்தவரை இது சரியான வடிவம் என்றே நினைக்கிறேன். அதற்குப் பதிலாக வளைவில் ஆக்ஸிலரேட்டரை ஓங்கிக் கொடுத்தால் எடை ஒடுங்கிய பக்கம் போகும். இத்தாலி நிறுவனமான பியாஜியோ 2006இல் கொண்டுவந்த எம்.பி.3 ஸ்கூட்டரில் முன்சக்கரங்கள் இரண்டும் பைக் மாதிரி சாயும், கதையே வேறு.

நம் வடிவத்துக்கும் அதே பியாஜியோதான் மூலம். 1948இல் வெஸ்பா ஸ்கூட்டரின் முன்பாகத்தை வைத்து ஆபே என்ற சரக்கு வண்டியைச் செய்தார்கள். ஸ்கூட்டரின் முன்சக்கரமும் ஹேண்டிலும் அப்படியே இருக்க, பின்னால் அச்சு போட்டால் மலிவு, குறுகிய சந்தில் திரும்பும். ஏழைக்கு எட்டுகிற விலையில் வண்டி கிடைத்ததற்கு அதுதான் காரணம். முன்னால் ஒடுங்கிய முக்கோணம் அந்த விலையோடு சேர்ந்தே வந்தது.

முன்னால் ஒற்றைச் சக்கரமுள்ள காட்டுப்பாதை வண்டிகள் அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஏராளமாக விற்றன. கவிழ்ந்து இறப்புகள் கூடவே, 1988இல் அரசுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டில் அங்கே மூன்று சக்கர வகையின் புதிய விற்பனை நின்றது. நான்கு சக்கர வகை தொடர்ந்தது.

சைடு கார் வைத்த பைக்கும் மூன்று சக்கரம்தான், ஆனால் அது இன்னொரு குணம். நம் ஊரில் பெட்டி இடது பக்கம். பைக்கில் மட்டும் பிரேக் இருந்தால், பைக் நிற்க, பெட்டி முன்னால் தள்ளும், வண்டி வலது பக்கம் திரும்பும். எதிரே வருகிற வண்டிகளின் பக்கம்! அதை ஓட்டியவர்கள் பிரேக்கோடு ஹேண்டிலையும் இடது பக்கம் பிடித்துப் பழகியிருப்பார்கள்.

ஜூன் 20

கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். நேர் ரோட்டிலும் இழுத்திருக்கிறது. வலது டிரம்மில் ஆயில் சீல் போய் லைனிங் ஊறிக் கிடந்ததாம். சீலும் இரண்டு பக்க ஷூவும் மாற்றியாயிற்று, முன் பிரேக்கைத் தொடவில்லை. மகிழ்ச்சி.

தம்பி, புது ஷூ டிரம்மில் முழுதாகப் படியக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை பிடி குறைவாகத்தான் இருக்கும், முன்னால் போகிற வண்டிக்கு இடைவெளி அதிகம் விடு. படிந்த பிறகு ஒருமுறை அட்ஜஸ்ட் செய். ஏர் எடுத்தார்களா, அதாவது பிரேக் குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்றினார்களா என்று கேள். பெடலைத் தொடர்ந்து இரண்டு மூன்று தடவை மிதித்தால் உயரம் கூடுகிறதென்றால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது ஷூ இடைவெளி அதிகம். அந்த நிலையில் சவாரி ஏற்றாதே.

ஜூன் 21

மின்சார ஆட்டோவைப் பற்றிக் கேட்டவருக்கு: பேட்டரி தரைக்குப் பக்கத்தில் இருந்தால் எடைப்புள்ளி இறங்கும், கவிழ்வதற்கு எதிராக அது உண்மையான லாபம். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மோட்டார் பிடித்துப் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புமே, அது பின்சக்கரங்களில் மட்டும் நடக்கிற பிரேக். ஈர ரோட்டில், வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடு. பேட்டரி நிறைந்திருக்கும்போது அந்தப் பிடி குறையும், மேட்டு வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறக்கத்தில் கிளம்புகிறவர்கள் அதை எதிர்பார்த்து ஓட்ட வேண்டாம். மோட்டார் பிடிப்பதால் ஷூ மெதுவாகத் தேயும், அதனாலேயே டிரம்மைக் கழற்றிப் பார்ப்பதும் தள்ளிப்போகும். துருவும் தூசியும் தேய்மானத்துக்குக் காத்திருக்காது. ஷூ புதிதாகவே இருந்தாலும் மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை திறந்து சுத்தம் செய்து, சிலிண்டர் பிஸ்டன் நகர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.